டம்ப் டிரக் ஓட்டுநர் வேலை: சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22. மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு முடித்து நான்கு வருடம் ஆகிறது. கார் ஓட்டும் கோட் 8 லைசென்ஸ் இருக்கிறது, நிலையான வேலை இல்லை. டம்ப் டிரக் ஓட்டப் போக ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்றே வாரத்தில் '777 ஆபரேட்டர்' (777 என்பது ஒரு பெரிய சுரங்க டிரக்) சான்றிதழ் தருகிறோம், சுரங்கத்தில் வேலை உறுதி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்களாம். அம்மா வளையலை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். பணத்தைக் கட்டலாமா, இல்லை வேறு எங்கிருந்தாவது தொடங்கலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள் தம்பி. அம்மாவின் வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நான் டர்பனைச் சுற்றி டிப்பரில் தொடங்கி, சாலை வேலைகளில் ஏடிடி என்ற நடுவில் மடங்கும் டம்பர், அப்புறம் லிம்போபோவில் திறந்தவெளிச் சுரங்கத்தில் பெரிய டிரக் என்று இருபத்தாறு வருடம் ஓட்டியவன். இப்போது ஒரு யார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கிக் கொடுக்கிறேன். சான்றிதழை ஃபைலில் போட்டுக்கொண்டு கேட்டில் வந்து நிற்கும் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். ஃபோர்மேன் அந்த ஃபைலைப் பிரிப்பதே இல்லை. "எந்த வண்டி ஓட்டியிருக்கிறாய், எத்தனை மணி நேரம், யாரைக் கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்வார்கள்?" இந்த மூன்றைத்தான் கேட்கிறார். மூன்று வாரப் பயிற்சியில் இருபது பேருக்கு ஒரு வண்டி என்றால், ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நேரம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரங்க விளம்பரங்களில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது.

இன்னொரு விஷயம், இதை அந்த நிலையத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு சுரங்கமும் அரசுக்கு ஒரு சமூக, தொழிலாளர் திட்டம் கொடுத்துத்தான் உரிமம் வாங்குகிறது. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு வேலையும் பயிற்சியும் தருவோம் என்ற உறுதி அதில் இருக்கும். மொகோபானே, காத்து போன்ற சுரங்க ஊர்களில் புதிய ஆபரேட்டர் வேண்டுமென்றால் முதலில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள், அது நியாயமும்கூட. ஃபீனிக்ஸிலிருந்து வெறும் காகிதத்தோடு போகிறவருக்கு அந்த வரிசையில் இடம் கடைசிதான். அனுபவத்தோடு போனால் கதை வேறு. பழகிய கை எங்கிருந்து வந்தது என்று யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

777 என்ற பெயரில் மயங்க வேண்டாம். கேட்டர்பில்லர் 777 சுமார் 90 டன் சுமக்கும் வண்டி. முபுமலாங்கா நிலக்கரிப் பக்கம் ஒப்பந்தக்காரர்கள் அதை நிறைய ஓட்டுகிறார்கள். ஆனால் வடக்குக் கேப்பில் சிஷென் இரும்புத்தாதுச் சுரங்கத்திலோ மொகலக்வேனா பிளாட்டினச் சுரங்கத்திலோ அது சின்ன வண்டி. மொகலக்வேனாவில் 2022இல் ஹைட்ரஜனில் ஓடும் டிரக் ஒன்றைக் காட்டினார்களே, அது சுமப்பது 290 டன். இப்படிப்பட்ட சுரங்கங்கள் வெளிச் சான்றிதழை நம்பி யாரையும் வண்டியில் ஏற்றுவதில்லை. தங்கள் சிமுலேட்டரில் உட்கார வைத்து, தங்கள் ஆளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுப்பார்கள். வெளியில் காசு கொடுத்து வாங்கியதை அங்கே மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? லைசென்ஸிலிருந்து.

உங்கள் கோட் 8, மொத்த எடை 3,500 கிலோ வரைதான் செல்லும். அதற்கு மேல் 16,000 கிலோ வரை சி1, பழைய ஆட்கள் கோட் 10 என்பார்கள். 16,000ஐத் தாண்டினால் சி. கனரக டிரெய்லர் சேர்ந்தால் இசி, அதாவது கோட் 14. இதில் ஒரு குழி இருக்கிறது, நிறையப் பிள்ளைகள் விழுகிறார்கள். நம் பக்கத்தில் மண், ஜல்லி அடிக்கும் வண்டியை டென் கியூப் என்போம். டென் கியூப்புக்குக் கோட் டென் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கியூப் என்பது தொட்டியின் அளவு, 10 கன மீட்டர். பின்னால் இரட்டை அச்சு கொண்ட அந்த வண்டியின் மொத்த எடை 25 டன்னைத் தாண்டும். அதற்கு சி1 செல்லாது. ஒற்றை அச்சு சிக்ஸ் கியூப் வண்டிதான் பெரும்பாலும் சி1க்குள் வரும். செல்லாத லைசென்ஸோடு ஓட்டி ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும், வழக்கு உங்கள் பெயரில் வரும்.

அதனால் என் யோசனை, நேராகக் கோட் 14. அது கிடைத்தால் கீழே உள்ள சி, சி1 எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். டெஸ்டுக்கு டிரெய்லர் வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டும், செலவு கூடத்தான். ஆனால் வீட்டில் பணம் புரட்டியே ஆக வேண்டும் என்றால் அதைப் போட வேண்டிய இடம் இதுதான். இந்த லைசென்ஸை வைத்து டிப்பரும் ஓட்டலாம், கரும்பு லாரியும் ஓட்டலாம், துறைமுகத்தில் கன்டெய்னரும் இழுக்கலாம்.

கோட் 8 இருந்தாலும் கனரக வண்டிக்குத் தனியாகக் கோட் 3 லேர்னர்ஸ் எழுத வேண்டும். 18 வயது ஆகியிருந்தால் போதும், 24 மாதம் செல்லும். அப்புறம் கே53 என்ற ஓட்டுநர் டெஸ்ட். யார்டில் நேராகப் பின்னால் எடுப்பது, வளைத்துப் பின்னால் எடுத்துச் சந்துக்குள் நிறுத்துவது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது எல்லாம் இருக்கும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் அங்கேயே ஃபெயில். டெஸ்டுக்கு முன் வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கும் பகுதியைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். தயவுசெய்து அதைப் புரிந்து படியுங்கள், வேலையில் தினமும் அதுதான் உங்களைக் காப்பாற்றும். காசு கொடுத்தால் டெஸ்ட் இல்லாமலே லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஓட்டத் தெரியாதவன் கையில் 25 டன் கொடுப்பது கொலைக்குச் சமம்.

லைசென்ஸ் வந்ததும் பிடிபி எடுக்க வேண்டும், தொழில்முறை ஓட்டுநர் அனுமதி. சரக்குக்கு ஜி வகை, 18 வயது போதும். பயணிகளுக்கு 21, ஆபத்தான சரக்குக்கு 25. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் டாக்டர் சான்று கேட்பார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கிறது, நமக்கும் வரும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை இருந்தால் கனரக வண்டி ஓட்டத் தகுதி கிடைக்காது. என்னோடு சேர்ந்து ஓட்டிய ஒரு அண்ணன், என்னைவிட நல்ல கை, நாற்பத்து நான்கு வயதில் மெடிக்கலில் நின்றுபோனார். மறுநாளிலிருந்து டீசல் ஸ்டோரில் உட்கார்ந்து டோக்கன் எழுதினார். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே செய்யும் வேலை இது. பக்கத்தில் கோக் பாட்டில், மதியம் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) என்று பத்து வருடம் போனால் உடம்பு கணக்குக் கேட்கும். 22 வயதில் இதைச் சொன்னால் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் குடியுங்கள், வருடா வருடம் ரத்தம் பாருங்கள்.

குடி விஷயமும் அப்படித்தான். சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் வரை சட்டம் விடுகிறது, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02தான். சுரங்கத்திலும் பெரிய சைட்டிலும் அதுவும் கிடையாது, கேட்டில் ஊதச் சொல்வார்கள், பூஜ்யம் வர வேண்டும். ஞாயிறு ராத்திரி கல்யாண வீட்டில் குடித்தது திங்கள் காலை ஐந்து மணிக்கு மெஷினில் தெரியும். கஞ்சாவைத் தனியிடத்தில் பயன்படுத்துவது குற்றமில்லை என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சிலர் வாதாடுகிறார்கள். சிறுநீர் சோதனைக்கு அந்த வாதம் தெரியாது. புகைத்துப் பல நாள் ஆன பிறகும் காட்டிக் கொடுக்கும், வேலை போய்விடும்.

இப்போது முதல் வேலை. இங்கேதான் எல்லோரும் திணறுகிறார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. இதை உடைக்க எனக்குத் தெரிந்த வழி, வண்டி நிற்கும் இடத்துக்கு அருகிலேயே நீங்களும் இருப்பது. வெருலம், டோங்காட், பைன்டவுன், காட்டோ ரிட்ஜ் பக்கம் டிஎல்பியும் (மண் தோண்டி அள்ளும் இயந்திரம்) டிப்பரும் வாடகைக்கு விடும் பிளான்ட் ஹயர் யார்டுகள் இருக்கின்றன. மணல், ஜல்லி விற்கும் சின்ன முதலாளிகள் இருக்கிறார்கள், நம் ஆட்களும் உண்டு. அங்கே டிரைவர் வேலை கேட்காதீர்கள். வண்டி கழுவ, டயர் மாற்ற, கிரீஸ் அடிக்க, டீசல் போட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். நான் அப்படித்தான் நுழைந்தேன். ஏழு மாதம் கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் கிடந்தேன். சாயங்காலம் வண்டிகளை வரிசையாக நிறுத்தும் வேலை என் கைக்கு வந்தது. அப்புறம் ஒரு நாள் ஒரு டிரைவர் வரவில்லை.

வண்டிக்கு அடியில் கிடந்த மாதங்கள் வீண் போகவில்லை. எந்த பின் எங்கே தேயும், எந்த ஹோஸ் எங்கே உரசும் என்று தெரிந்த பிறகு சீட்டில் ஏறுவது வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு கதவு சாலை வேலை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே என்3 சாலையை அகலப்படுத்தும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது, என்2விலும் நடக்கிறது. மலையை வெட்டி மண்ணை அள்ளும் வேலை என்றால் அங்கே டிப்பரும் ஏடிடியும் கட்டாயம் இருக்கும். பெரிய ஒப்பந்தக்காரர் வேலையில் ஒரு பங்கை உள்ளூர்ச் சின்ன ஒப்பந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆள் எடுப்பது சமூகத் தொடர்பு அலுவலர் வழியாக நடக்கும், சிஎல்ஓ என்பார்கள். அவரிடம் பெயர் பதிந்து வையுங்கள். உங்கள் வார்டுக்குள் நடக்கும் வேலை என்றால் வாய்ப்பு அதிகம். போக்குவரத்துக்குக் கொடி காட்டும் வேலை கிடைத்தாலும் போங்கள். வண்டிகள் எப்படி வருகின்றன, எங்கே திரும்புகின்றன, யார் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அதற்குச் சம்பளமும் உண்டு.

ஜூலு பேசிப் பழகிக்கொள்ளுங்கள். இதை நான் ஒரு தகுதியாகவே சொல்கிறேன். வீட்டில் தமிழ், ரேடியோவில் ஆங்கிலம், தரையில் ஜூலு. பின்னால் நின்று வழி காட்டும் ஸ்பாட்டர் "யீமா!" என்று கத்தினால் அந்த நொடியில் உங்கள் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். நில் என்று அர்த்தம். மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு இருக்க நேரம் கிடையாது.

வேலைக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சாவியைத் தொடும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றுங்கள். வீல் நட்டிலிருந்து துருக் கோடு கதிர் மாதிரி வெளியே ஓடியிருந்தால் அந்த நட்டு லூஸ். டயரின் உள்பக்கச் சுவரையும் குனிந்து பார்க்க வேண்டும், வெட்டு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கின் பின், பின்பக்கக் கீல், டெயில்கேட் கொக்கி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். எஞ்சினைப் போட்டு ஏர் ஏறும் வரை காத்திருங்கள், அப்புறம் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். 'ஸ்ஸ்' என்று எங்காவது கேட்டால் வண்டி நகரக் கூடாது. அவசரப்படுத்தும் முதலாளி இருப்பார். எனக்கும் ஒருவர் இருந்தார், பிரேக் ஏர் கசிகிறது என்று எழுதிக் கொடுத்தபோது "ஒரு லோடு போய்விட்டு வா, பார்க்கலாம்" என்றார். நான் போகவில்லை. இரண்டு நாள் சம்பளம் போனது. இன்றைக்கும் அதற்கு வருத்தமில்லை.

லோடு ஏற்றும்போது எடைக் கணக்கு தெரிய வேண்டும். சட்டப்படி முன் ஸ்டியரிங் அச்சில் 7.7 டன், பின் இரட்டை அச்சில் 18 டன், ஆக 25.7 டன். வெறும் வண்டி சுமார் பத்தரை டன் என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 15 டன். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒன்றரை டன் வரும், பத்து கியூப் நிரப்பினால் சரியாக இருக்கும். அதே மணல் ஆற்றிலிருந்து ஈரத்தோடு வந்தால் 1.9 டன் வரை போகும். தொட்டி அதே அளவுதான் நிறைந்திருக்கும், எடை 19 டன் ஆகியிருக்கும். லோடர்காரர் தொட்டியின் விளிம்பைத்தான் பார்ப்பார். எடைமேடையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதைவிட மோசம், அந்த நான்கு டன் இறக்கத்தில் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணம் முழுக்க இறக்கம்தான். 2013 செப்டம்பர் 5ஆம் தேதி பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் நிற்காமல் வந்த லாரி, சிக்னலைத் தாண்டி டாக்சிகளில் மோதியதில் 24 பேர் இறந்தார்கள். வேலை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் கை இறுகும். பிரேக் என்பது உராய்வு, உராய்வு என்றால் சூடு. நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அதனால் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும். பாதி வழியில் குறைக்கப் பார்த்தால் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் பிரேக், ரிட்டார்டர் (கால் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைப்பவை) வண்டியைப் பிடிக்கட்டும், கால் பிரேக் கடைசியில் நிறுத்துவதற்கு மட்டும். 9 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குச் சட்டம் விடுவது மணிக்கு 80 கிலோமீட்டர். டவுன் ஹில்லில் மேரிட்ஸ்பர்க்கை நோக்கி லோடோடு இறங்கும்போது அதில் பாதிகூட எனக்கு அதிகம்தான்.

மண்ணைத் தட்டும், அதாவது கொட்டும் இடத்துக்கு வருவோம். டம்ப் டிரக் வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் கவிழ்ப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

டர்பன் பக்கத்துச் செம்மண்ணை, பெரீயா ரெட் என்பார்களே, காய்ந்தபோது பார்த்தால் மாவு மாதிரி இருக்கும். மழையில் நனைந்தால் தொட்டியில் அப்பிக்கொள்ளும். எனக்கு இருபத்து நான்கு வயது, வெருலம் பக்கம் வீட்டு மனைகளுக்கு மேடு போடும் வேலை. முந்தின ராத்திரி மழை. பின்னால் போய் நிறுத்தினேன், பிடிஓ (எஞ்சின் சக்தியைத் தொட்டி தூக்கும் பம்புக்குக் கொடுப்பது) போட்டுத் தொட்டியைத் தூக்கினேன். பாதி உயரத்தில் மண் வழுக்கிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. இன்னும் தூக்கினேன். பின்பக்கத்து மண் மட்டும் விழுந்தது, முன்பக்கத்து ஏழெட்டு டன் அப்படியே தொட்டியின் தலையில் ஒட்டிக்கொண்டு வானத்தில் நின்றது. அந்த நேரம் வலது பின் சக்கரம் புது மண்ணில் மெதுவாக அமுங்கத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் தொட்டியின் மேல்விளிம்பும் தூரத்து வீட்டுக் கூரையும் ஒரே கோட்டில் இருந்தவை, பிரிந்துகொண்டே போகின்றன. வண்டியை ஒரு உலுக்கு உலுக்கினால் மண் விழுந்துவிடும் என்று ஃபர்ஸ்ட் கியருக்குக் கை போனது. ஸ்பாட்டர், வயதான மனிதர், "யீமா! யெஹ்லிசா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நில், கீழே இறக்கு. இறக்கினேன். தொட்டி கீழே உட்காரும் வரை மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. உலுக்கியிருந்தால் கவிழ்ந்திருக்கும். அப்புறம் இரண்டு பேர் மண்வெட்டி எடுத்து, ஒரு மணி நேரம் தோண்டித்தான் மண்ணை இறக்கினோம்.

அன்றிலிருந்து என் வரிசை மாறவில்லை. இறங்கிப் போய்த் தரையை மிதித்துப் பார்ப்பேன், சமமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா என்று. தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா பார்ப்பேன். பக்கவாட்டில் ஒரு தொட்டி நீளத்துக்கு ஆளோ வண்டியோ இருக்கக் கூடாது. டெயில்கேட் கொக்கி திறந்ததா என்று பார்த்த பிறகே தூக்குவேன், தூக்கும்போது கண் கண்ணாடியை விட்டு அகலாது. ஒட்டிக்கொண்டால் உலுக்க மாட்டேன். சாயத் தொடங்கினால் குதிக்கக் கூடாது தம்பி. பெல்ட்டோடு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். குதித்தவர் மேலேதான் வண்டி விழும். தொட்டி மேலே இருக்கும்போது அடியில் தலையை விடுவதானால் முட்டுக்கட்டை போட்ட பிறகுதான், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் சரி.

இரண்டு வருடம் இப்படி டிப்பர் ஓட்டிய பிறகு ஏடிடிக்கு மாறுவது இயல்பாக நடக்கும். நடுவில் மடங்கும் ஆறு சக்கர டம்பர். நம் மாகாணத்திலேயே, ரிச்சர்ட்ஸ் பேயில், பெல் நிறுவனம் அதைச் செய்கிறது. இர்வின் பெல் என்பவர் 1954இல் தொடங்கியது, கரும்பு ஏற்றும் மூன்று சக்கர இயந்திரத்தால் பெயர் வாங்கியது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய நம் ஆட்கள் அந்தக் கரும்பைத் தோளில் சுமந்தவர்கள். பெல் ஏடிடியில் முதல்முறை ஏறி உட்கார்ந்தபோது எனக்கு என் பாட்டனார் ஞாபகம் வந்தது.

ஏடிடியில் ஒரு விசேஷம் உண்டு. பின் தொட்டி கவிழ்ந்தாலும் கேபின் நிமிர்ந்து நிற்கும்படி நடுவில் சுழலும் இணைப்பு இருக்கிறது. அதனால் பின்னால் சாய்வது இடுப்புக்குத் தெரியாது. டிப்பரில் பழகிய கண்தான் அங்கே உதவும். கட்டுமான சைட்டில் ஓட்ட 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகள்படி பயிற்சிச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, முதலாளி எழுத்தில் கொடுத்த அனுமதி மூன்றும் வேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டிய நேரம் இதுதான். பெரும்பாலும் முதலாளியே செலவு செய்து அனுப்புவார், ஏனென்றால் சான்று இல்லாமல் அவர் உங்களை ஏற்ற முடியாது. வேலையில்லா இளைஞர்களுக்கு உதவித்தொகையோடு லேர்னர்ஷிப்பும், அதாவது வேலையோடு சேர்ந்த பயிற்சியும் வரும். பயிற்சியை அங்கீகரிக்கும் அமைப்பு, சுரங்கத்துக்கு எம்கியூஏ, போக்குவரத்துக்கு டீட்டா. அங்கீகாரம் உண்டா என்று பயிற்சி நிலையத்தைக் கேட்காதீர்கள், இந்த அமைப்புகளுக்கே போன் போட்டுக் கேளுங்கள். வேலை தர முன்பணம் கேட்கும் சுரங்கம் எதுவும் கிடையாது. கேட்டால் அது மோசடி.

சுரங்கத்தைப் பற்றி இப்போதைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் எஞ்சின் போட ஒரு ஹார்ன், முன்னால் போக இரண்டு, பின்னால் எடுக்க மூன்று. விளிம்பில் மண்ணால் கட்டிய பெர்ம், அங்கே ஓடும் பெரிய வண்டியின் சக்கரத்தில் பாதி உயரமாவது இருக்க வேண்டும். 777க்குச் சக்கரம் சுமார் 2.7 மீட்டர், பெர்ம் உங்கள் நெஞ்சு உயரம் வரும். அது விளிம்பு எங்கே என்று காட்டுவதற்கு, முட்டி நிறுத்துவதற்கு இல்லை. கண் சொருகினால் கேமரா கண்டுபிடித்துச் சத்தம் போடும் வண்டிகள் வந்துவிட்டன, மோதப் போனால் தானே வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் 2022 முடிவிலிருந்து டீசல் வண்டிகளுக்குச் சட்டமாகிவிட்டது. ஆனாலும் ராத்திரி ஷிப்டில் மூன்று மணி வாக்கில் வரும் தூக்கத்தோடு நீங்கள்தான் போராட வேண்டும். வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தைப்பூசக் காவடிக்கும் வர முடியாமல் இருந்த வருடங்கள் எனக்கு உண்டு.

சம்பளத்தில் ஒன்று மட்டும். லோடுக்கு இவ்வளவு என்று பேசும் இடத்தில் சேராதீர்கள். அது வேகமாக ஓட்டவும் தூக்கத்தை விடவும் உங்களைத் தள்ளும். சரக்குப் போக்குவரத்துக்கும் சிவில் கட்டுமானத்துக்கும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த தனித்தனிப் பேரவைகள் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்திருக்கின்றன. சம்பளச் சீட்டு, யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீடு) பிடித்தம், விபத்து இழப்பீட்டுப் பதிவு மூன்றும் இருக்கிறதா என்று முதல் மாதமே கேளுங்கள். ஓட்டிய மணி நேரத்தை, வண்டியின் மாடலோடு, ஒரு நோட்டில் எழுதி மாதக் கடைசியில் ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நோட்டுக்கு முன்னால் எந்த மூன்று வாரச் சான்றிதழும் நிற்காது.

இந்த வாரம் கோட் 3 லேர்னர்ஸுக்குத் தேதி எடுங்கள். அப்படியே ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு யார்டு வாசலுக்குப் போய், வண்டிகள் வெளியே வரும்போது ஓரமாக நின்று பாருங்கள். எந்த டிரைவர் இறங்கி வீல் நட்டைத் தொட்டுப் பார்க்கிறாரோ, அவரிடம் பேச்சுக் கொடுங்கள். லேர்னர்ஸ் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள் தம்பி.